ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 6,400 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்): தனி அறை போடுவதா, வேறு ஏதாவது செய்வதா?

#1 செம்பருத்தி, உட்லண்ட்ஸ்

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே ஒரு பலதுறை மருந்தகத்தில் 11 ஆண்டுகளாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதி. எங்கள் ஊரிலிருந்தும் சுற்றியுள்ள மூன்று ஊர்களிலிருந்தும் வந்து சிங்கப்பூரில் இருக்கிற 31 பேர், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்தோம். 6,400 வெள்ளி சேர்ந்திருக்கிறது. ஏறக்குறைய 4 லட்ச ரூபாய். வளரும் பிள்ளைகளுக்காகச் செலவிடுவது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அதற்குக் காரணம் என் அக்கா மகள்.

அவளுக்கு 17 வயது. போன ஆண்டு பள்ளியில் காலை வழிபாட்டு நேரத்தில் மயங்கி விழுந்தாள். பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.4. ஏழு மாதங்களாக மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றியிருக்கிறாள். என் அக்காவுக்குக்கூடத் தெரியாது. நான் ஊருக்குப் போனபோது, "நம்ம ஊர் ஆஸ்பத்திரி பத்து நிமிட நடைதானே, ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். போயிருக்கிறாள். ஒரு தடவை, தனியாக. சீட்டு எழுதுபவர், "நீ யார் வீட்டுப் பொண்ணு? என்னத்துக்கு வந்த?" என்று கேட்டாராம். அவர் கெட்டவர் இல்லை, எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார். ஆனால் வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் அவளுடைய அப்பாவோடு டீக்கடையில் உட்காருபவர். அவள் "தலைவலி" என்றாள். இரண்டு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரண்டு மாத்திரைகளை அவள் சாப்பிடவில்லை. கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். எனக்குக் காட்டினாள்.

இப்போது எங்கள் குழுவில் பெரும்பாலானவர்கள் விரும்புவது: நிலையத்தில் காலியாக இருக்கும் ஓர் அறைக்கு வண்ணம் அடித்து, டிவி, சுவரொட்டி, நாற்காலிகள் வாங்கிப் போட்டு, வாசலில் "வளரிளம் பருவத்தினர் நல மையம்" என்று பலகை மாட்டுவது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்த அறைக்குப் போகவும் அதே வரிசையைத்தான் தாண்ட வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 ஜூரோங்_கணக்கர்

செம்பருத்தி சொல்லும் குழுவின் பணக்கணக்கு என்னிடம்தான் இருக்கிறது. அறை வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பதற்கே ஓவர்டைம் பார்ப்பவர்கள். ஊருக்குப் போகும்போது "இது நாங்கள் செய்தது" என்று அவர்கள் கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும். பயிற்சி, ஆலோசனை என்று கொடுத்தால் ஆறு மாதத்தில் தடம் தெரியாமல் போகும். அறை நிற்கும். பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதே ஒரு தைரியம் இல்லையா?

#3 கடைமடைக்காரன், துவாஸ்

அக்கா, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். கொடுத்த 31 பேரில் ஒருவன். வயது 26.

ஆம்பளைப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் சுகாதார நிலையம் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்கும், நாய் கடித்தவனுக்கும்தான். எனக்கு முதன்முதலாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது தெரியுமா? 22 வயதில், சிங்கப்பூர் வருவதற்காக ஏஜென்ட் அனுப்பிய மெடிக்கலில். இங்கே வந்து இறங்கியதும் காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே, எச்ஐவி, மலேரியா, சிபிலிஸ் எல்லாம் பார்த்தார்கள். வேலைக்கு அனுமதி கிடைக்கத்தான் அந்தச் சோதனை. என்னிடம் யாரும் "உனக்கு என்னப்பா பிரச்சினை?" என்று கேட்கவில்லை.

பத்தாவது படிக்கும்போதே எங்கள் வகுப்பில் பாதிப் பேர் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும்தான். வாய்ப்புண் வந்தபோது மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசினேன். சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று தோன்றவே இல்லை. என் நண்பன் ஒருவன் பன்னிரண்டாவதில் தோற்ற பிறகு யாரிடமும் பேசாமல் ஆகிவிட்டான். அவனை மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். இப்போது அவன் இல்லை. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அறையோ எதுவோ, அதில் ஆம்பளைப் பையனும் வந்து உட்கார முடிய வேண்டும்.

#4 மகிழ்

கடைமடைக்காரன் தம்பி, உங்கள் நண்பனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எளிதாக எழுதக்கூடியது இல்லை.

நான் இங்கே பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு செய்கிறேன். செம்பருத்தி அக்காவின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெங்கட்ராமன் சந்திரமௌலியும் இன்னும் இருவரும் 2015ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வளரிளம் பருவத்தினரின் பாலியல், இனப்பெருக்க நலத்துக்காக உலகம் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்தும் பெரிதாகப் பலன் தராதவை எவை என்பதே அதன் கேள்வி. அந்தப் பட்டியலில் இளையர் மையங்கள் இருக்கின்றன. மையத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால், பக்கத்திலேயே இருக்கும் ஆண்கள், அவர்களிலும் கொஞ்சம் வயதில் மூத்தவர்கள், விளையாடவும் பொழுதுபோக்கவும் வருகிறார்கள். மருத்துவம் தேவைப்படும் பெண் பிள்ளை வருவதில்லை. செலவோ அதிகம்.

பலன் தருவதாக அவர்கள் சொல்வது சுவாரசியம் இல்லாத ஒன்று: ஏற்கெனவே இருக்கும் சாதாரண சுகாதார நிலையத்தையே பிள்ளைகள் வரக்கூடியதாக மாற்றுவது. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி, அவர்களுக்குத் தொடர்ந்து ஒரு மேற்பார்வை, நிலையத்தில் சின்ன மாற்றங்கள், ஊரிலும் பள்ளியிலும் "அங்கே போகலாம்" என்ற பேச்சு. இவை எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

அதே 2015ல் உலக சுகாதார நிறுவனமும் எச்ஐவி/எய்ட்ஸுக்கான ஐநா அமைப்பும் சேர்ந்து எட்டுத் தரநிலைகளை வெளியிட்டன. அதில் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். மீதியில் பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றியவை. பிள்ளைக்குத் தன் உடலைப் பற்றி என்ன தெரிகிறது, ஊரார் ஆதரிக்கிறார்களா, ஊழியருக்குப் பேசத் தெரிகிறதா, ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் நடத்துகிறார்களா, பிள்ளைகளையே கேட்டு முடிவெடுக்கிறார்களா என்பவை எல்லாம் அதில் வரும்.

கணக்கர் அண்ணா, நீங்கள் சொல்லும் "கண்ணால் பார்க்க ஒன்று" என்பதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பெண் சீட்டு எழுதும் மேசையிலேயே திரும்பிப் போனாள். அறை அதற்கு அப்பால் இருக்கிறது.

#5 செவிலியர்_மகன்

என் அம்மா 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இழையை அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் பிரசவம் பார்த்து, தடுப்பூசி போட்டு, எடை பார்த்து வளர்த்த பிள்ளை அஞ்சு வயசுக்கு அப்புறம் என் ரெஜிஸ்டர்ல இருந்து காணாமப் போயிடும். பொண்ணா இருந்தா கர்ப்பிணின்னு திரும்பி வரும். பையனா இருந்தா திரும்பி வரவே வராது."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 1978ல் அன்றைய சோவியத் யூனியனின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, "எல்லோருக்கும் நலவாழ்வு" என்றும் அதற்கு வழி ஆரம்ப சுகாதாரம் என்றும் அறிவித்தன. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் பணமும் கவனமும் தாய்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும்தான் போயின. அவர்கள்தான் அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள், அதனால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அதன் பலனையும் தமிழ்நாடு கண்டது. ஆனால் நிலையத்தின் வாரம் முழுவதும் அதற்கேற்ப அமைந்துவிட்டது. அம்மா வேலை பார்த்த இடத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். செவ்வாயன்று ஒரு 17 வயதுப் பெண் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் என்ன நினைக்கும்? அம்மா அந்த மாதிரிப் பிள்ளைகளை வியாழக்கிழமை வரச் சொல்வாராம். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். காலை ஓபி நேரமும் பள்ளி நேரமும் ஒன்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மருத்துவர் இருக்க மாட்டார், அல்லது கிளம்பிக்கொண்டிருப்பார். 4 லட்சத்தில் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள் என்றார்.

#6 தெம்பனிஸ்_அம்மா

எல்லோரும் எழுதுவதைப் படித்தேன். எனக்கு 15 வயதில் மகள் இருக்கிறாள். ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். பிள்ளை மருத்துவரிடம் சொல்வது பெற்றோருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் இதன் அடிப்படையா? என் மகளுக்கு உதிரப்போக்கு என்றால் எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். "ரகசியம்" என்று சொல்லி அம்மாவையே வெளியே நிறுத்தினால், ஊரில் எந்தத் தாய் தன் பெண்ணை அங்கே அனுப்புவாள்?

#7 அருவி19

தெம்பனிஸ் அம்மா, நான் இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன், வயது 19. என் அம்மாவும் உங்களைப் போலத்தான் கேட்பார், அதனால் பதில் சொல்லத் தோன்றியது.

செம்பருத்தி அக்காவின் அக்கா மகள் ஒளித்தது அவளுடைய அம்மாவிடமிருந்து மட்டும் இல்லையே ஆன்ட்டி. வரிசையில் நின்ற அப்பாவின் நண்பரிடமிருந்து. எனக்கும் அது நடந்திருக்கிறது, இங்கேயே. எங்கள் பேட்டையில் ஒரு கிளினிக்கில் முகப்பில் இருந்தவர் "என்ன பிரச்சினை, பீரியட்ஸா?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் என் உயர்நிலைப் பள்ளி நண்பன் உட்கார்ந்திருந்தான். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். எனக்கு 17 வயதில் தூக்கமே வராமல், காலையில் எழுந்திருக்கவே முடியாமல் போனது. இங்குள்ள மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் பெயரைக் கேட்டாலே அப்போது எனக்குப் பயம். என் ஆசிரியர் சாட் என்ற சேவையைச் சொன்னார். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்காக மனநலக் கழகம் 2009ல் தொடங்கியது. அதை மருத்துவமனைக்குள் வைக்காமல் ஆர்ச்சர்டில் ஸ்கேப் கட்டடத்தில், இளையர் சாதாரணமாகப் போய்வரும் இடத்தில் வைத்தார்கள். பணம் கேட்கவில்லை. முதலில் பேசியவர், "நீ சொல்வது இங்கேயே இருக்கும், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் நான் பிறரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்றார். அந்த வார்த்தையால்தான் நான் பேசினேன். மூன்று வாரம் கழித்து நானே அம்மாவிடம் சொன்னேன். அவர் அழுதார், அப்புறம் அடுத்த தடவை என்னோடு வந்தார்.

#8 தெம்பனிஸ்_அம்மா

அருவி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மகள் அப்படி மூன்று வாரம் சொல்லாமல் இருந்தால் என்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லாமலே இருந்துவிடுவதைவிட அது மேல் என்பது புரிகிறது. நீ இப்போது நன்றாக இருக்கிறாயா, கண்ணு?

#9 அருவி19

இருக்கிறேன் ஆன்ட்டி. நன்றி.

#10 யாழ்நிலா

நான் யாழ்ப்பாணம். சிங்கப்பூர் வந்து ஆறு வருடம். எங்கட நாட்டு அனுபவத்தையும் சொல்லுகிறேன்.

இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக வருவா. எல்லாத் தாய்மாருக்கும் அவவின் பேர் தெரியும். அதுதான் எங்கட பலம், பிள்ளைகளுக்கு அதுவே தடையும். அவ வீட்டுக்கு வந்தால் அம்மாவோடுதான் கதைப்பா. பெரிய ஆஸ்பத்திரிகளில் "யோவுன் பியச" என்று இளையோருக்கான நிலையம் இருக்கு. எங்கட பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சிங்களப் பெயரின் அர்த்தமாவது தெரியும்? போருக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லுகிறேன். பலகையில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். "வளரிளம் பருவத்தினர்" என்று உங்கட ஊர்ப் பிள்ளைகள் தங்களைச் சொல்லுவார்களா?

எங்கட ஊரில் மனவருத்தத்துக்குத் தனிப் பெயர் இல்லை. "பிள்ளை சரியா யோசிக்குது" என்பார்கள். சரியா என்றால் மிகவும், யோசிக்கிறது என்றால் கவலைப்படுகிறது. சிம்பாப்வேயில் ஷோனா மொழியிலும் இதே மாதிரி ஒரு சொல் இருக்கு, "குஃபுங்கிசிசா", அளவுக்கு மீறி யோசிக்கிறது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006ல் ஹராரேயில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு வேலை தொடங்கினார். அவரிடம் அறையும் இல்லை, ஆளும் இல்லை. கிடைத்தது 14 பாட்டிமார். அவர்களைப் பயிற்றுவித்து, கிளினிக் வளவுக்குள் மரத்தடியில் ஒரு மர வாங்கு (பெஞ்சு) போட்டு, அதில் இருந்து கதைக்க வைத்தார். பிறகு முறையாகச் சோதித்துப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். வாங்கில் இருந்து கதைத்தவர்களின் மனச்சோர்வு, வழமையான கவனிப்புப் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

செம்பருத்தி அக்கா, ஒரு வாங்கு செய்ய எவ்வளவு செலவாகும்?

#11 மகிழ்

யாழ்நிலா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். பாட்டி வேண்டுமா, ஆசிரியர் வேண்டுமா, சக வயதுத் தோழி வேண்டுமா என்பதில் நாம் நினைப்பது எப்போதும் சரியாக இருப்பதில்லை. பீகாரில் நாளந்தா மாவட்டப் பள்ளிகளில் ஒரே திட்டத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் அங்கிருக்கும் ஆசிரியரே நடத்தினார். சிலவற்றில் அந்தப் பகுதியிலிருந்து பயிற்சி கொடுத்து நியமித்த சாதாரண ஆலோசகர் நடத்தினார். 2018ல் முடிவு வெளிவந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும் நன்றாகக் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மாற்றமே இல்லை. ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலைப் பளு, அதோடு மதிப்பெண் போடுகிறவரும் அவரே. பிள்ளை எப்படி மனம் திறக்கும்?

இந்தியாவில் 2014 ஜனவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் தாளில் மிக நல்ல திட்டம். 10 முதல் 19 வயது வரை, ஊட்டம், மனநலம், போதைப்பொருள், வன்முறை என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆலோசகர்கள் பெரும்பாலும் வட்டார, மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 30,000 பேருக்கு ஒன்று என்று இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம்வரை ஆள் வந்து சேர்வதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், சரி. ஆனால் அதிக உதிரப்போக்கு இருக்கும் பிள்ளைக்கு வாரம் ஒரு மாத்திரை எப்படிப் போதும்? இரத்தம் எங்கே போகிறது என்று யாராவது கேட்க வேண்டும். சிலருக்கு இரத்தம் உறைவதிலேயே குறை இருக்கும், அது அந்த வயதில்தான் முதலில் தெரியவரும்.

சட்டம் பற்றியும் ஒன்று. ஊரில் செய்யும்போது "எல்லாமே ரகசியம்" என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். 2012ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் மருத்துவரும் தாதியும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இருவரும் விரும்பிப் பழகிய பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். அதனால்தான் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போனது. அங்கே போதிய முதிர்ச்சி இருந்தால் 12 வயதிலேயே சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். நம் ஊரில் அது இல்லை. இருக்கும் சட்டத்துக்குள், எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அருவிக்கு அந்த ஆலோசகர் சொன்ன மாதிரி.

#12 ஜூரோங்_கணக்கர்

இரண்டு நாளாக யோசித்தேன். அருவியின் பதிவும் துவாஸ் தம்பியின் பதிவும் என்னை மாற்றிவிட்டன. அறை என்ற பேச்சை நானே குழுவில் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் பணம் அனுப்புவதில் கவனம் வேண்டும், இது என் வேலை. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் நம் 31 பேரில் 6 பேர் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்கள். ஊரில் பிறந்திருந்தாலும் அவர்கள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அதற்குப் பதிவோ அனுமதியோ இல்லாமல் எந்தச் சங்கமும் வாங்க முடியாது. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். எங்கள் பங்கு 1,150 வெள்ளி. அதை இங்கேயே வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஹெல்த்சர்வ் அமைப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆறு பேரும் பேசி முடிவு செய்தோம். துவாஸ் தம்பிகளில் யாருக்காவது அது போய்ச் சேரட்டும்.

இன்னொன்று, இந்த இழையில் யாரும் வங்கி எண் கேட்க வேண்டாம், தரவும் வேண்டாம். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க இங்கே அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். நாங்கள் தெரிந்தவர்களுக்குள் சேர்த்ததோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மீதி 5,250. நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தின் மூலம், ரசீதோடு.

#13 செம்பருத்தி, உட்லண்ட்ஸ்

கணக்கர் அண்ணன் எழுதியதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி அண்ணா.

மகிழ் சொன்னபடி பிள்ளைகளையே கேட்கலாம் என்று, அக்கா மகளிடம் பேசினேன். அவள் தன் தோழிகள் ஒன்பது பேரிடமும், தம்பியை வைத்துப் பையன்கள் ஆறு பேரிடமும் கேட்டு, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாள். டிவி யாரும் கேட்கவில்லை. வண்ணம் கேட்கவில்லை.

முதலில் கேட்டது, சீட்டு எழுதுமிடத்தில் காரணம் கேட்க வேண்டாம் என்பது. பெயரும் வயதும் போதும், மீதியை உள்ளே சொல்கிறோம். அடுத்தது, மருத்துவர் அறைக்குக் கதவு. திரைச்சீலைதான் இருக்கிறது, அதுவும் காற்றில் விலகும். மருந்து கொடுக்கும் இடத்தில் "இது மாதவிடாய்க்கு, காலை மாலை" என்று உரக்கச் சொல்லாமல் கவரில் எழுதிக் கொடுக்க வேண்டும். பையன்கள் கேட்டது ஒன்றுதான்: "பேசுறதுக்கு ஒரு அண்ணன் இருந்தா நல்லா இருக்கும்." அப்புறம், சனிக்கிழமை. பள்ளி விடுமுறை, டவுன் பஸ்ஸும் 2 மணிக்கு ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அதில் டிக்கெட் இல்லை, ஆகவே வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை. நான் இதை யோசித்தே இருக்க மாட்டேன்.

"நீ அங்கே மறுபடி போவியா?" என்று அவளைக் கேட்டேன். "கதவு இருந்தா போவேன் சித்தி" என்றாள்.

நிலையத்தின் மருத்துவ அலுவலர் இளம் பெண். போனில் பேசினேன். சீட்டு எழுதுமிடத்து விஷயம் அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத ஒன்று. "அதற்குப் பணமே வேண்டாமே, திங்கட்கிழமை முதல் மாற்றிவிடுகிறேன்" என்றார். சனிக்கிழமை மதியம் 2 முதல் 4 வரை, மாதம் இரண்டு முறை தானே இருப்பதாகவும், வட்டார மருத்துவமனை ஆலோசகரை ஒரு முறையாவது வரவழைக்கப் பார்ப்பதாகவும் சொன்னார். நம் பணம் இவற்றுக்குத்தான்: ஆலோசகரின் பயணச் செலவு, கதவு, ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி, அதற்கான பட்டைகள், மரத்தடியில் இரண்டு சிமென்ட் பெஞ்சு. பலகை வேண்டாம் என்று அவரே சொன்னார்.

#14 கடைமடைக்காரன், துவாஸ்

அக்கா, அந்த அண்ணன் விஷயம். மே மாதம் எனக்கு இரண்டு மாத விடுப்பு. எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. பயிற்சி கொடுத்தால் உட்கார்ந்து கேட்க முடியும். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

#15 மகிழ்

தம்பி, நீங்கள் கட்டாயம் செய்யலாம். ஆனால் தனியாக வேண்டாம். சக வயதினரை வைத்து நடத்தும் திட்டங்களில் பெரும்பாலான பலன் அந்தத் தொண்டருக்கே போகிறது, மற்ற பிள்ளைகளுக்குக் குறைவாகவே சேர்கிறது என்று நான் சொன்ன அதே கட்டுரை சொல்கிறது. தொண்டருக்குப் பின்னால் ஒரு மருத்துவரோ ஆலோசகரோ நின்றால்தான் அது நிலைக்கும். உங்கள் வேலை கேட்பது, பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது. யாராவது சாக வேண்டும் போல் இருக்கிறது என்று சொன்னால் அந்த நிமிடமே மருத்துவ அலுவலரிடம். அவர் இல்லாத நேரத்தில் 14416 என்ற மனநல உதவி எண், இந்தியாவில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணைப் பிள்ளைகள் எல்லோரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கும் யாராவது வேண்டும், தம்பி. நண்பனை இழந்தவர் நீங்கள். கிளம்பும் முன் ஒரு நாள் என்னோடும் செவிலியர் மகனோடும் லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து பேசுங்கள்.

#16 செவிலியர்_மகன்

அம்மாவிடம் சொன்னேன். அந்த நிலையம் எங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். முதல் இரண்டு சனிக்கிழமை தானே போய் சீட்டு எழுதுபவரோடு உட்காருவதாகச் சொல்கிறார். "அவர்கிட்ட கோபமா யாரும் பேசாதீங்க, 29 வருஷம் நானும் அப்படித்தான் கேட்டேன்" என்றார்.

#17 செம்பருத்தி, உட்லண்ட்ஸ்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டிருந்தவர்களுக்காக.

முதல் சனிக்கிழமை மூன்று பேர், மூவரும் அக்கா மகளின் தோழிகள். இரண்டாவது முறை கோயில் திருவிழா, யாருமே வரவில்லை. மருத்துவ அலுவலர் 4 மணிவரை இருந்திருக்கிறார். மூன்றாவது முறை ஏழு பேர். அதில் இரண்டு பையன்கள், வாய்ப்புண்ணோடு வந்தவன் ஒருவன், எதற்கு வந்தான் என்று எனக்குத் தெரியாத ஒருவன். எனக்குத் தெரியவும் வேண்டாம். இதுவரை 26 பேர் இரத்தம் பார்த்துக்கொண்டார்கள், நான்கு பேருக்கு 8க்குக் கீழே இருந்தது. நான்கு பேரையும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒரு பிள்ளையின் அம்மா கோபமாக வந்து, செவிலியர் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாராம். அடுத்த முறை இளைய மகளையும் கூட்டி வந்தார்.

அக்கா மகளுக்கு இப்போது 10.9. பன்னிரண்டாவது தேர்வு எழுதிவிட்டாள். தாதியர் படிப்பா, வேறா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சிமென்ட் பெஞ்சு போட்டாகிவிட்டது. கதவும் வந்துவிட்டது, ஆனால் தச்சர் வைத்த தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழவில்லை. துவாஸ் தம்பி, நீங்கள் வியாழக்கிழமைதானே கிளம்புகிறீர்கள்? முஸ்தபா கடையில் ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்கிப் போங்கள், ஆறு அங்குலம். பணத்தைக் கணக்கர் அண்ணன் தருவார்.